பழைய சார்ட்டை வைத்து பிட்காயினின் அடுத்த அடிமட்டத்தைச் சொல்ல முடியுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பிட்காயின் என்ற கிரிப்டோ (இணைய) நாணயத்தின் விலை நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்கிறார்கள். டெலிகிராம் குழுவில் ஒருவர் பழைய விலைகளை அடுக்கி சார்ட் போட்டு, 2026 அக்டோபர், நவம்பரில் அடிமட்டம் வரும், அப்போது வாங்கி 2029ல் விற்றால் போதும் என்கிறார். நம்பலாமா? கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: வீட்டு நகையை அடகு வைத்து மூன்று லட்சம் போடலாமா, பாண்டியில் நடக்கும் டிரேடிங் வகுப்பில் 25,000 ரூபாய் கட்டிச் சேரலாமா. நகை விஷயத்தைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. கடன் வாங்கிப் பந்தயம் கட்டும் அளவுக்கு அந்தத் தேதி உறுதியானதா? இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த சார்ட் முழுப் பொய்யும் கிடையாது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை. கடலூர் மாவட்ட விளைபொருள் விலைகளைப் பல வருஷம் அலசியவன்; அப்புறம் புதுச்சேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்தினேன். பிட்காயினின் நிரல், பாதுகாப்பு இதெல்லாம் என் துறை இல்லை. ஒரு விலைத் தொடர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்கிற அளவில் மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷக் கதையின் அடிப்படை இது. பிட்காயினில் 2,10,000 பிளாக்குகளுக்கு (பரிவர்த்தனைகளைப் பதியும் தொகுப்புகள்) ஒருமுறை, அதாவது ஏறக்குறைய நாலு வருஷத்துக்கு ஒருமுறை, புதிதாக வெளியாகும் நாணயத்தின் அளவு பாதியாகும். இதை ஹால்விங் என்கிறார்கள். இதுவரை நாலு முறை நடந்திருக்கிறது: 2012 நவம்பர், 2016 ஜூலை, 2020 மே, 2024 ஏப்ரல். முதல் ஹால்விங் அன்று விலை சுமார் 12 டாலர். ஒரு வருஷம் கழித்து 1,150 டாலரைத் தொட்டது. இரண்டாவதில் சுமார் 650லிருந்து 17 மாதத்தில் 19,700. மூன்றாவதில் சுமார் 8,600லிருந்து 18 மாதத்தில் 69,000. நாலாவதில் சுமார் 64,000லிருந்து பதினேழரை மாதத்தில், 2025 அக்டோபர் 6 வாக்கில், 1,26,000. முதல் மூன்று உச்சத்துக்கும் அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷத்திலிருந்து பதினான்கு மாதத்துக்குள் அடிமட்டம் வந்தது. அந்தச் சரிவுகள் சுமார் 85, 84, 77 சதவீதம். உங்கள் டெலிகிராம் ஆள் செய்தது, 2025 அக்டோபரோடு பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தைக் கூட்டியது. கணக்கு அவ்வளவுதான்.

கடைசி மூன்று முறையும் ஹால்விங்கிலிருந்து உச்சத்துக்கு 17, 18 மாதம் என்பது பார்க்கிறவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். என்னையும் வைத்தது. அதைத் தற்செயல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஆனால் நீங்கள் இணைத்திருந்த படத்தை உற்றுப் பாருங்கள். சிவப்புக் கோடு இப்போதைய சுழற்சி, நீலக் கோடு 2015லிருந்து 2018 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஏறி இறங்குகின்றன. இப்போது ஓரத்தைப் பாருங்கள். இடப்பக்க அச்சு 1,40,000 வரை போகிறது, வலப்பக்க அச்சு 20,000லேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி அளவுகோல். இப்படி இழுத்துப் பொருத்தினால் ஏறி இறங்கிய எந்த இரண்டு கோடும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். அதே தரவை, ஹால்விங் அன்று எல்லாவற்றுக்கும் விலை 1 என்று வைத்து, ஒரே அச்சில் வரைந்து பாருங்கள். முதல் சுழற்சி 90ஐத் தாண்டும், இரண்டாவது 30, மூன்றாவது 8, நாலாவது 2. கடைசிக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அந்தப் படத்தைக் காட்டி யாரையும் குழுவில் சேர்க்க முடியாது.

இன்னொன்று, உச்சம் எது, அடி எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2011 ஜூனில் பிட்காயின் சுமார் 32 டாலர் வரை ஏறி, அதே வருஷ நவம்பரில் 2 டாலருக்கு விழுந்தது. அப்போது ஹால்விங்கே கிடையாது. 2013ல் ஏப்ரலில் ஒரு உச்சம், நவம்பரில் இன்னொன்று. 2021லும் ஏப்ரலில் 64,000க்கு மேல் போய், ஜூலையில் 30,000க்குக் கீழே இறங்கி, மறுபடி நவம்பரில் 69,000. ஏப்ரலை உச்சமாக எடுத்தால் ஹால்விங்கிலிருந்து 11 மாதம், நவம்பரை எடுத்தால் 18 மாதம். எண்ணளவில் உயரம் நவம்பர்தான், சரி. ஆனால் நாலைந்து ஆயிரம் டாலர் வித்தியாசத்தில் "விதி" ஏழு மாதம் நகர்கிறது என்றால், அது எவ்வளவு மெல்லிய விதி என்று யோசியுங்கள். புது உச்சம் ஹால்விங்குக்கு அப்புறம்தான் வரும் என்பதும் ஒரு காலத்தில் விதியாகத்தான் சொல்லப்பட்டது. 2024 மார்ச்சில், ஹால்விங்குக்கு ஒரு மாதம் முன்னாடியே, விலை 73,000ஐத் தாண்டிப் புது உச்சம் வைத்தது. அந்த விதியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

விலையில் சுழற்சியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் மல்லாட்டை (நிலக்கடலை) விலையைப் பார்த்தே என் பாதிக் காலம் போயிற்று. மார்கழியில் விதைத்தது பங்குனி, சித்திரையில் பிடுங்கிக் காய்ந்து மூட்டையாக வந்து இறங்கும். வரத்து குவிந்தால் விலை தணியும். வரத்து ஓய்ந்தால் மெல்ல நிமிரும். இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அறுவடை எல்லோருக்கும் ஒரே நேரம், கூலியும் கடனும் கொடுக்க வேண்டியிருப்பதால் விவசாயி காத்திருக்க முடியாது, காத்திருக்க முடிந்த வியாபாரி வாங்கி வைக்கிறார். தவிர வருஷத்துக்கு ஒரு சாட்சி, முப்பது வருஷம் என்றால் முப்பது சாட்சி. அப்படியும் எந்த மாதங்களில் விலை தணிவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. இந்தத் தேதியில் மூட்டை இந்த விலை என்று ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. டெல்லியில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மாற்றினால் கணக்கு புரண்டுவிடும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தனவே, அதற்கு முந்தைய எந்த விலைப் பட்டியலிலும் அதற்கு அறிகுறி கிடையாது.

பிட்காயினுக்கு வருவோம். அறுவடைக்குச் சமமான காரணம் இங்கே ஹால்விங். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்கிற வாதம் 2012க்குப் பொருந்தும். அன்றைக்கு ஒரு நாளைய புது வரத்து 7,200 நாணயத்திலிருந்து 3,600 ஆயிற்று, மொத்த நாணயத்தில் பாதிதான் அதுவரை வெளிவந்திருந்தது. 2024ல் நிலைமை வேறு. மொத்தம் வரப்போகும் 2 கோடியே 10 லட்சத்தில் 93.75 சதவீதம் ஏற்கெனவே வெளியே இருந்தது. நாள் வரத்து 900லிருந்து 450 ஆனது. குறைந்த 450 நாணயத்தின் மதிப்பு அன்றைய விலையில் சுமார் 2.9 கோடி டாலர். தினமும் கைமாறுவதோ ஆயிரம் கோடி டாலருக்கு மேல். அந்த ஆற்றில் இது ஒரு குடம். 2028ல் வரும் அடுத்த ஹால்விங்கில் குறையப்போவது இன்னும் கொஞ்சம், 225 நாணயம். ஆக, காரணம் என்று காட்டப்படுவது ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே போகிறது. தவிர, ஹால்விங் எப்போது வரும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் வருஷக்கணக்கில் முன்பே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்காக விலை அந்த நாள்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

வேறு காரணம் இருக்கலாமா? தாராளமாக. 2012, 2016, 2020, 2024 நாலும் அமெரிக்க அதிபர் தேர்தல் வருஷங்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறக்கியது, அரசாங்கம் பணத்தை இறைத்தது. அந்தப் பணத்தில் பங்கும் ஏறியது, பிட்காயினும் ஏறியது. 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி டிசம்பருக்குள் நாலு சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். மே மாதம் டெர்ரா-லூனா என்ற கிரிப்டோ நாணயங்கள் நொறுங்கின, நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானது, அடிமட்டமும் அதே நவம்பரில்தான். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்பாட் இடிஎஃப்புக்கு (பிட்காயினையே வாங்கி வைத்து, பங்கு போல விற்கும் நிதி) அனுமதி கிடைத்தது. பெரும் பணம் உள்ளே வர வாசல் திறந்தது. 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருள்கள் மீது 100 சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்ததும், கடன் வாங்கிக் கட்டியிருந்த பந்தயங்கள் ஒரே நாளில் சுமார் 1,900 கோடி டாலர் அளவுக்கு வலுக்கட்டாயமாக முடிக்கப்பட்டன. இதில் எது ஹால்விங்கின் வேலை, எது வட்டியின் வேலை என்று நாலே நாலு சாட்சியை வைத்துப் பிரிக்க எந்தப் புள்ளியியல் முறையும் கிடையாது. அதை உறுதியாகச் சொல்வேன்.

நாலு என்பது எவ்வளவு சின்ன எண் என்பதற்கு ஒரு கணக்கு. ஆளுக்கொரு விதியாக நூறு பேர் நூறு விதி சொல்கிறார்கள், எல்லாமே காசு சுண்டிப் போட்டுச் சொன்னவை என்று வையுங்கள். நாலு முறையும் சரியாக வருவதற்கு வாய்ப்பு பதினாறில் ஒன்று. அப்படியானால் நூறில் ஆறு விதி, எந்த அறிவும் இல்லாமலே, நாலுக்கு நாலு பலித்திருக்கும். தவறிய தொண்ணூற்று நாலு பேரும் சார்ட்டை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உங்கள் கண்ணில் படுவது அந்த ஆறு பேர்தான்.

பெயர் பெற்ற விலைக்கணிப்பு மாதிரிகளின் கதையும் இதே. பிளான்-பி என்ற புனைபெயர்க்காரர் 2019ல் ஸ்டாக்-டு-ஃப்ளோ என்ற மாதிரியை (இருப்புக்கும் புது வரத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து விலையைக் கணிப்பது) வெளியிட்டார். பழைய விலைகளோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. அதை வைத்து 2021 முடிவதற்குள் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தொடும் என்று உலகமே பேசிற்று. வருஷக் கடைசியில் விலை 46,000 சில்லறை. பை சைக்கிள் என்று இன்னொன்று, 111 நாள் சராசரியும் 350 நாள் சராசரியின் இரு மடங்கும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உச்சம் என்பார்கள். இதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 2021 ஏப்ரல் உச்சத்தை அது சில நாள் வித்தியாசத்தில் பிடித்தது. அந்த மாதிரி பிறந்தபோது ஏப்ரல் 2021 எதிர்காலம், ஆகவே அந்த வெற்றி நேர்மையானது. ஆனால் அதே வருஷ நவம்பரில் வந்த பெரிய உச்சத்துக்கும் 2025 அக்டோபர் உச்சத்துக்கும் அது மூச்சு விடவில்லை. 2025ல் அந்தச் சமிக்ஞை வந்த பிறகு விற்கலாம் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால் பழைய விலையிலிருந்து கற்க ஒன்றுமே இல்லையா? உண்டு. ஏற்ற இறக்கத்தின் அளவைப் பழைய விலை ஓரளவு நன்றாகவே சொல்லும், திசையைத்தான் சொல்லாது. பெரிய அசைவுக்குப் பின்னால் பெரிய அசைவு வரும், அமைதிக்குப் பின்னால் அமைதி என்பதைப் பருத்தி விலைகளை ஆராய்ந்து கணிதவியலாளர் மேண்டல்பிராட் 1963லேயே எழுதினார். கிரிப்டோவில் அது பச்சையாகத் தெரிகிறது. ஒரு வாரம் பத்து சதவீதம் ஆடினால் அடுத்த வாரமும் ஆடும் என்று நம்பலாம். மேலேயா கீழேயா என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவது, முக்கால் பங்கு மதிப்பு போவது இந்தச் சந்தையில் மூன்று முறைக்கு மேல் நடந்த சங்கதி. மறுபடி நடக்காது என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. ஏற்றத்தின் மடங்கு 90, 30, 8, 2 என்று சுருங்குவதையும் கவனிக்கலாம். இது அநேகமாகத் தொடரும் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒரு பொருள் பெரிதாகப் பெரிதாக அதை இரட்டிப்பாக்கத் தேவைப்படும் பணமும் பெருகுகிறது. ஆனால் இது எண்ணம்தான், முதலில் சொன்ன இரண்டின் உறுதி இதற்குக் கிடையாது. தேதிகளின் உறுதியோ இதிலும் பாதி. 2026 அக்டோபர்தான் அடி என்று எல்லோரும் நம்பினால் ஆகஸ்டிலேயே வாங்கத் தொடங்குவார்கள், அப்போது அடி எங்கே விழும்?

பிட்காயின் தவிர மற்ற நாணயங்களுக்கு இந்தச் சுழற்சிப் பேச்சே பொருந்தாது. பிழைத்துக் கிடப்பவற்றுக்குத்தான் சார்ட் போடுகிறார்கள். லூனா 2022 ஏப்ரலில் 100 டாலருக்கு மேல் இருந்தது, மே மாதத்தில் காசுக்கும் தேறவில்லை. அது எந்த அடிமட்டத்திலிருந்தும் எழவில்லை.

இப்போது நகை. நம் சட்டத்தில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், கூட்டினால் 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது, நகைக்கடன் வட்டி உட்பட. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு நேர்செய்யவோ அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது. மூன்று லட்சத்துக்கு வருஷம் 12 சதவீத வட்டி என்று வையுங்கள், மூன்று வருஷத்துக்கு 1,08,000 ரூபாய். டெலிகிராம் ஆள் சொன்னது பலித்து விலை 50 சதவீதம் ஏறி, 4,50,000க்கு விற்கிறீர்கள். லாபம் 1,50,000. வரி 46,800. வட்டியையும் சேர்த்தால் செலவு 1,54,800. விலை ஒன்றரை மடங்கு ஆகியும் உங்கள் கையிலிருந்து 4,800 ரூபாய் போயிருக்கும். கணிப்பு பலித்தாலே இந்த நிலை. நடுவில் விலை பாதியாகி, அடகுக்கடைக்காரர் வருஷக் கடைசியில் வட்டி கட்டித் திருப்பி வையுங்கள் என்றால், அந்தச் சமயத்தில் கைக்காசு இருக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். போனாலும் பரவாயில்லை என்கிற சம்பள மிச்சத்தில் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போட்டுப் பார்ப்பது வேறு விஷயம், அதை நான் தடுக்கவில்லை. நகை மட்டும் வேண்டாம்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சார், எந்த விலை எந்தத் தேதிக்குள் வந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" நேர்மையான ஆள் ஒரு எண் சொல்வார், குறைந்தபட்சம் யோசிப்பார். கேள்வி கேட்டதற்காகக் குழுவிலிருந்து தூக்கிவிட்டால் உங்களுக்கு நல்லதுதான். அவர்கள் அனுப்பும் லிங்க்கில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கிப் பணம் போடச் சொன்னால் அது கணிப்பே இல்லை, மோசடி. போட்டுவிட்டீர்கள் என்றால் கடலூரோ புதுச்சேரியோ எந்த ஊராக இருந்தாலும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்; நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை மறிப்பது கஷ்டம்.

வகுப்பு விஷயம். சார்ட் படிக்கக் கற்பதில் தப்பில்லை, ஆனால் அதற்கு 25,000 ரூபாய் அதிகம். அடிப்படைகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. கற்றால் சம்பாதிக்கலாம் என்பதைத்தான் நான் நம்பவில்லை. பங்குச்சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (வருங்கால விலையை வைத்துக் கட்டும் ஒப்பந்தங்கள்) 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சந்தையிலேயே அந்த நிலை. சேர்ந்தே தீர வேண்டும் என்றால், சொல்லிக்கொடுப்பவரிடம் அவருடைய வருமானவரிப் படிவத்தில் கிரிப்டோவுக்கென்று இருக்கும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பெயர், பான் எண்ணை மறைத்துவிட்டே காட்டட்டும். போன் திரையில் பச்சை எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம் கட்டணம் கட்டாதீர்கள்.